வீட்டுக்கு விலை பேசுமுன், நிலம் யார் பேரில்?

கேமரன் மலையின் கம்போங் ராஜா பக்கம் ஒரு வீடு விலைக்கு வருகிறது என்றால் பேச்சு பெரும்பாலும் மூன்று விஷயங்களைச் சுற்றியே போகிறது: எத்தனை அறை, என்ன விலை, தண்ணீரும் மின்சாரமும் இருக்கிறதா. புளூவேலி தோட்டத்தில் உழைத்து ஓய்வுபெறும் குடும்பத்துக்கும், காய்கறி லாரி ஓட்டிப் பணம் சேர்த்த இளைஞருக்கும் இவை முக்கியம்தான். ஆனால் மலேசியச் சட்டம் இவற்றுக்கெல்லாம் முன்னால் வேறொன்றைத்தான் பார்க்கிறது. அந்த வீடு நிற்கும் நிலம் நில அலுவலகப் பதிவேட்டில் யார் பேரில், என்ன நிபந்தனையோடு இருக்கிறது? இதற்கான பதில் எழுத்தில் கைக்கு வரும்வரை முன்பணமாக ஒரு வெள்ளிகூடக் கொடுக்கக் கூடாது. வீடு வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் கேட்கும் எல்லாச் சட்டக் கேள்விகளும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கின்றன. மலையில் நம்மவர்கள் இழந்த வீடுகளில் பல, இந்த ஒரு கேள்வி கடைசியில் கேட்கப்பட்டதால் போனவை.

இதற்குக் காரணம் நம் நிலச் சட்டம் கட்டப்பட்டிருக்கும் விதம். 1965-இல் இயற்றப்பட்டு 1966 ஜனவரி முதல் நடப்பில் இருக்கும் தேசிய நிலச் சட்டம், டோரன்ஸ் முறை எனப்படும் பதிவு முறையைப் பின்பற்றுகிறது. ஆஸ்திரேலியாவில் தொடங்கி இங்கு வந்த முறை அது. இதன்படி ஒருவர் பல ஆண்டுகள் குடியிருந்தார், வரி கட்டினார், கூரை மாற்றினார், சுவர் எழுப்பினார் என்பதால் மட்டும் உரிமை பிறப்பதில்லை. பதிவேட்டில் பேர் ஏறும்போதே பிறக்கிறது. தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ நீண்டகால அனுபோகத்தைக் காட்டி உரிமை கோர வழி இருப்பதைக் கேள்விப்பட்டவர்கள் இங்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். இங்கே சட்டத்தின் 48-ஆவது பிரிவு, அரசு நிலத்தில் எத்தனை காலம் குடியிருந்தாலும் அதனால் உரிமை வராது என்கிறது. தனியார் பட்டா நிலத்திலும் அதே நிலைதான் என்கிறது 341-ஆவது பிரிவு. பேராக் அரசுக்கு எதிராகப் புறம்போக்கு நிலத்தில் குடியேறியவர்கள் தொடுத்த சிடேக் வழக்கில், அப்படிப்பட்டவர்களுக்குச் சட்டத்திலும் நியாயவழிப் பரிகாரத்திலும் உரிமை இல்லை என்று 1982-இல் கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பின் நிழல் இன்றும் ஒவ்வொரு புறம்போக்கு வீட்டின் மேலும் விழுந்துகொண்டிருக்கிறது.

கேமரன் மலையில் இந்தக் கேள்வி மற்ற ஊர்களைவிடக் கூர்மையாக எழுவதற்குக் காரணம் டி.ஓ.எல் என்று எல்லோரும் அழைக்கும் தற்காலிகக் குடியிருப்பு உரிமம். காய்கறித் தோட்டங்கள் முதல் அவற்றின் ஓரத்து வீடுகள் வரை இந்த உரிமத்தின் பேரில் எழுந்தவை மலை முழுக்க உண்டு. அரசு நிலத்தை ஓர் ஆண்டுக்குப் பயன்படுத்திக்கொள்ளக் கிடைக்கும் அனுமதி, அவ்வளவுதான். எந்த மாதத்தில் எடுத்தாலும் அந்த ஆண்டு டிசம்பர் 31-ஆம் தேதி அது முடிந்துவிடும். புதுப்பிக்கலாம், ஆனால் புதுப்பித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அரசுக்கு இல்லை. இதைவிடப் பெரிய விஷயம் 68-ஆவது பிரிவில் இருக்கிறது. இந்த உரிமத்தை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. உரிமம் வைத்திருப்பவர் இறந்தால் பிள்ளைகளுக்கும் போகாது, அவரோடு முடிந்துவிடும். ஆக, டி.ஓ.எல் வீட்டை விற்கிறேன் என்று ஒருவர் சொன்னால், விற்பதற்குச் சட்டப்படி அவரிடம் நிலம் என்று எதுவும் இல்லை. பலகையும் தகரமும் சிமெண்டும் கைமாறலாம். அவை நிற்கும் மண்ணில் தொடர்ந்து நிற்கும் உரிமை கைமாறாது. வங்கி இந்த உரிமத்தின் பேரில் கடன் கொடுக்காததும் இதனால்தான். வங்கி மறுத்தால் அதை வங்கியின் கெடுபிடி என்று எடுத்துக்கொள்கிறோம். அடகாகப் பிடித்துக்கொள்ள அங்கே நிலமே இல்லை என்பதுதான் அந்த மறுப்பின் பொருள்.

இப்படிப்பட்ட விற்பனையில் வழக்கமாகப் புழங்கும் காகிதத்தைச் சற்றுக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு பக்கத் தாள். மேலே விற்பவர், வாங்குபவர் பேர்களும் அடையாள அட்டை எண்களும். நடுவில் ‘இன்ன தொகையைப் பெற்றுக்கொண்டு இன்ன வீட்டை விட்டுக்கொடுக்கிறேன்’ என்று இரண்டு மூன்று வரி மலாயில். கீழே இரு கையெழுத்துகள் அல்லது கைரேகைகள். அவற்றின் பக்கத்தில் ‘பெசுருஹ்ஜெயா சும்பா’ எனப்படும் சத்தியப் பிரமாண ஆணையரின் முத்திரை. அந்த முத்திரையைப் பார்த்ததும் ‘லாயரிடமே முடித்துவிட்டோம்’ என்ற நிம்மதி வந்துவிடுகிறது. சத்தியப் பிரமாண ஆணையர் செய்தது இவ்வளவுதான்: இன்னார் தம் முன்னால் கையெழுத்திட்டார் என்று உறுதி சொன்னார். விற்பவருக்கு உரிமை உண்டா, நிலம் யாருடையது, விற்பனை செல்லுமா என்பதையெல்லாம் அவர் பார்ப்பதில்லை. பார்ப்பது அவர் வேலையும் இல்லை. இந்தத் தாளை எடுத்துக்கொண்டு தானா ராத்தாவில் உள்ள மாவட்ட நில அலுவலகத்துக்குப் போனால் அங்கே பதிவு செய்ய எதுவும் இருக்காது. விற்றவர் பணத்தோடு போய்விட்டால், மாற்றிக் கொடுக்கக் கூடாத ஒன்றை மாற்றிக் கொடுத்த ஒப்பந்தத்தை வைத்து நீதிமன்றத்தில் பணத்தைத் திரும்பப் பெறுவதும் எளிதல்ல.

‘நாற்பது வருசமாக இருக்கிறார்கள், யாரும் வந்து கேட்டதில்லை’ என்பது உடனே வரும் பதில். உண்மைதான், கேட்காமல் பல காலம் போகும். ஆனால் கேட்கிற நாள் வந்தால் நாற்பது வருசம் கணக்கில் வராது. 2019-இன் தொடக்கத்தில், கம்போங் ராஜாவுக்குப் பக்கத்தில் உள்ள கோலா தெர்லாவில் அனுமதியின்றி இருந்ததாகச் சொல்லப்பட்ட காய்கறித் தோட்டங்களை அதிகாரிகள் இடிக்க வந்தபோது, அங்கே நீண்ட காலமாகப் பயிர்செய்தவர்கள் நீதிமன்றப் படியேற வேண்டியதாயிற்று. அது விவசாய நிலம் பற்றிய பிரச்சினை. வீட்டுக்கும் விதி அதுவேதான். வேறொருவர் இதுவரை தப்பித்திருப்பது நமக்குக் கிடைத்த உத்தரவாதம் ஆகாது.

தோட்டத் தமிழர்களுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பியபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள். லயன் எனப்படும் தோட்ட வரிசை வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் வேலையையும் வீட்டையும் சேர்த்தே இழந்தார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த அந்தத் துண்டாடலைப் பொருளியல் அறிஞர் உங்கு அசிஸ் ஆராய்ந்து எழுதினார். அதே காலத்தில்தான், 1960-இல், அன்றைய ம.இ.கா. தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்த் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைக் கட்டினார். மாதம் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்த்து, தோட்டத்தை வாங்கிச் சங்கத்தின் பேரில் பதிவேட்டில் ஏற்றுவதே அவர் கண்ட வழி. லயன் வீட்டில் இருப்பதால் அது நம் வீடு ஆகிவிடாது, பட்டாவில் பேர் வேண்டும் என்பதை எழுதப் படிக்கத் தெரியாத பால்மரத் தொழிலாளிகூட அன்று புரிந்துகொண்டார். பின்னர் 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைத் தோட்ட நில வாரியத்தின் அனுமதியின்றித் துண்டு போட்டோ மாற்றியோ கொடுக்க முடியாதபடி 214அ பிரிவு சட்டத்தில் சேர்ந்தது. கட்டுப்பாடு வந்தது நல்லதுதான். ஆனால் அந்தப் பிரிவும் தொழிலாளியின் பேரை எந்தப் பதிவேட்டிலும் ஏற்றவில்லை. லயன் வீடு இன்றும் வேலையோடு ஒட்டியது. 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் அந்த வீட்டின் தரத்தைப் பற்றிப் பேசுகிறது. உரிமையைப் பற்றிப் பேசவில்லை. வேலை முடிந்தால் சாவியைக் கொடுக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் சேமநிதிப் பணம் கைக்கு வருகிறது; அந்த நேரத்தில்தான் புரோக்கரும் வருகிறார்.

இங்கேதான் எல்லாவற்றிலும் கனமான மறுப்பு எழுகிறது. பட்டா வீட்டின் விலை எட்டாதபோது, டி.ஓ.எல் வீட்டை விட்டால் ஏழைக்கு வேறு என்ன இருக்கிறது? இதைச் சட்டம் தெரியாதவரின் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. கேமரன் மலையில் கட்டுவதற்கு ஏற்ற நிலம் குறைவு, சரிவு அதிகம், சுற்றுலா விலையை ஏற்றிவிட்டது. தோட்டத்தில் உழைத்து ஓய்வுபெறுகிறவர்களுக்கு அவர்கள் பேரிலேயே பட்டாவோடு வீடு கிடைக்கச் செய்வது பகாங் அரசும் தோட்டக் கம்பெனிகளும் சேர்ந்து தீர்க்க வேண்டிய கடன். அதைத் தனியாள் சாமர்த்தியத்தால் தீர்க்க முடியாது. ஆனால் அந்தக் கடன் தீராமல் இருக்கிறது என்பதற்காக, ஒருவர் தம் வாழ்நாள் சேமிப்பு முழுவதையும் ஓராண்டு அனுமதியின் மேல் கொட்டுவது சரியாகிவிடாது. வேறு வழியே இல்லாமல் அப்படிப்பட்ட வீட்டில் குடியேறுகிறவர், தாம் கொடுப்பது வீட்டு விலை இல்லை, முன்கூட்டிக் கட்டும் வாடகை என்று கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். எத்தனை ஆண்டு வாடகைக்கு ஈடாக அந்தத் தொகை வருகிறது என்று பார்த்து, அதற்கு மேல் ஒரு காசும் கொடுக்கக் கூடாது. ‘கிராண்டுக்கு (பட்டாவுக்கு) எழுதிப் போட்டிருக்கிறோம், சீக்கிரம் வந்துவிடும்’ என்ற சொல்லுக்கு விலையே இல்லை. விண்ணப்பித்தவருக்கு நிலத்தைக் கொடுப்பதும் மறுப்பதும் மாநில அரசின் விருப்பம். ஒப்புதல் கிடைத்தால் பிரீமியம் கட்டச் சொல்லி 5ஏ படிவம் வரும். குறித்த தவணைக்குள் அதைக் கட்டாவிட்டால் ஒப்புதலும் போய்விடும். அந்தப் படிவத்தையும் கட்டிய ரசீதையும் கண்ணால் பார்க்காதவரை கிராண்ட் வருகிறது என்று யாரும் நம்பத் தேவையில்லை.

பட்டா இருக்கிறது என்பதோடும் கேள்வி முடிந்துவிடாது. எந்தப் பட்டா, எதற்கான பட்டா என்று பார்க்க வேண்டும். விவசாய நிலம் ஒன்றை மனைகளாகக் கோடு போட்டு, ஒவ்வொருவருக்கும் ‘பங்கு’ என்று விற்பது நாடு முழுக்க நடக்கிறது. விவசாய நிலத்தை ஐந்தில் இரண்டு ஹெக்டேருக்கு, அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கருக்குக் குறைவாகத் துண்டு போட முடியாது என்கிறது 136-ஆவது பிரிவு. ஆகவே சின்ன மனை வாங்கியவர்களின் பேர்கள் ஒரே பட்டாவில் பிரிக்கப்படாத பங்குகளாக ஏறுகின்றன. வாங்கியவர் கையில் இருக்கும் வரைபடத்தில் ‘12-ஆம் மனை’ என்று அழகாக இருக்கும். பதிவேட்டில் அந்த 12-ஆம் மனை கிடையாது. பங்காளிகளில் ஒருவர் கடனில் மாட்டினாலோ இறந்தாலோ சண்டைபோட்டாலோ எல்லோருடைய வீடும் சேர்ந்து சிக்கிக்கொள்ளும். மலாய் ஒதுக்கீட்டு நிலம் என்று குறிக்கப்பட்டதை மலாய்க்காரர் அல்லாதவருக்கு மாற்ற முடியாது. பூர்வகுடிகளான ஒராங் அஸ்லி மக்கள் தங்கள் நிலத்தை விற்க 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆணையரின் ஒப்புதல் வேண்டும். கேமரன் மலையில் ஒராங் அஸ்லி இனத்தவரான செமாய் மக்களின் கிராமங்களை ஒட்டி நிலம் பேசுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

ஆகவே கிராண்டின் முதல் பக்கத்தைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். உலு தெலோம் முக்கிமில் உள்ள லாட் எண், பரப்பு, ஆண்டு நிலவரி, நிலத்தின் வகை ஆகியவை அங்கே இருக்கும். ‘சியாரத் ஞாத்தா’ என்ற இடத்தில் அந்த நிலத்தில் என்ன செய்யலாம் என்பது எழுதியிருக்கும். ‘செக்காத்தான் கெபெந்திஙான்’ என்ற இடத்தில் மாற்றிக் கொடுக்க மாநில அரசின் ஒப்புதல் வேண்டுமா என்பது தெரியும். நிலைப்பட்டாவா, குத்தகையா, குத்தகையானால் எத்தனை ஆண்டு மிச்சம் என்பதையும் பார்க்க வேண்டும். 99 ஆண்டுக்கு மேல் குத்தகை கிடையாது; மிச்ச ஆண்டு குறையக் குறைய வங்கியின் ஆர்வமும் குறையும். எச்.எஸ் என்று தொடங்கும் தற்காலிகப் பட்டாவானால் எல்லை இன்னும் முடிவாக அளக்கப்படவில்லை என்று பொருள். விற்பவர் காட்டும் நகலைப் பார்த்தால் போதாது. அன்றைய தேதியில் நில அலுவலகத்தில் அதிகாரபூர்வத் தேடல் செய்து, அடமானம் உண்டா, உரிமை மாற்றத்தைத் தடுக்கும் கெவியட் போடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீட்டு வியாபாரம் முழுவதிலும் மிக மலிவான செலவு இதுதான். நம்மவர்கள் பெரும்பாலும் மிச்சம் பிடிக்கப் பார்ப்பதும் இதில்தான்.

பட்டா வீட்டிலும் மோசடி நடக்கிறதே, அப்படியானால் பதிவேட்டை மட்டும் எப்படி நம்புவது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, நாட்டின் உச்ச நீதிமன்றமே இதில் ஒருமுறை தடுமாறியிருக்கிறது. அடோர்னா வழக்கில், பினாங்கு நில உரிமையாளரின் கையெழுத்தைப் போலியாகப் போட்டு விற்கப்பட்ட நிலம் வாங்கியவருக்கே போகும் என்று 2000-இன் இறுதியில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்தாண்டு காலம் உரிமையாளர்கள் எல்லோரும் அஞ்சிக்கொண்டிருந்தார்கள். அந்த அச்சத்தைத் தீர்த்தது நம் பகாங் மாநிலத்தில், குவாந்தானில் உள்ள ஒரு நிலம் பற்றிய வழக்கு. உரிமையாளருக்குத் தெரியாமல் போலி அதிகாரப் பத்திரத்தை வைத்து அந்த நிலம் வங்கியில் அடமானம் வைக்கப்பட்டிருந்தது. தான் யிங் ஹோங் வழக்கு என்று அறியப்படும் அதில், 2010 ஜனவரியில் அதே நீதிமன்றம் முந்தைய தீர்ப்பு தவறு என்று சொன்னது. போலிப் பத்திரத்தின் மூலம் நேரடியாக உரிமை பெற்றவர், நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தாலும் நிலத்தை வைத்துக்கொள்ள முடியாது. அவரிடமிருந்து பின்னால் நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கியவருக்கே பாதுகாப்பு. வீடு வாங்குகிறவருக்கு இதில் உள்ள எச்சரிக்கை கடுமையானது. போலி ஆளிடம் முதலில் ஏமாறுபவர் நீங்களானால் பணமும் போகும், வீடும் போகும். எனவே தேடலோடு நிறுத்தாமல் மூலப் பட்டாவைப் பார்க்க வேண்டும். அடையாள அட்டையை ஒப்பிட வேண்டும். வேறொருவர் அதிகாரப் பத்திரம் காட்டினால் அது உயர் நீதிமன்றத்தில் பதிவானதா, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று வழக்கறிஞர் மூலம் விசாரிக்க வேண்டும். பணம் விற்பவர் கைக்குப் போகாமல் வழக்கறிஞரின் பொறுப்பில் இருக்க வேண்டும்.

வழக்கறிஞர் செலவு தாங்காது என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3 லட்சம் ரிங்கிட் வீட்டுக்கு, 2023-இல் திருத்தப்பட்ட கட்டண முறைப்படி முதல் 5 லட்சத்துக்கு 1.25 விழுக்காடு என்றால் விற்பனை ஒப்பந்தத்துக்கான கட்டணம் 3,750 ரிங்கிட். உரிமை மாற்ற முத்திரை வரி முதல் ஒரு லட்சத்துக்கு 1 விழுக்காடு, அடுத்ததற்கு 2 விழுக்காடு. மொத்தம் 5,000 ரிங்கிட். முதல் வீடு வாங்கும் குடிமக்களுக்கு 5 லட்சம் வரையுள்ள வீட்டுக்கு இந்த வரியில் விலக்கும் தரப்படுகிறது. வங்கிக் கடன் பத்திரச் செலவு தனி. இந்தத் தொகை பெரிதுதான், ஆனால் போலித்தாளுக்குக் கொடுக்கும் 3 லட்சத்தின் முன்னால் சிறிது. விற்பவரின் வழக்கறிஞரே நமக்கும் பார்த்துக்கொள்வார் என்று விடுவதும் ஆபத்து. மேம்பாட்டாளரிடமிருந்து புதுவீடு வாங்கும்போது அப்படி ஒரே வழக்கறிஞர் இருபக்கமும் நிற்பதைச் சட்டமே தடுக்கிறது. முன்பண ரசீதில் கையெழுத்திடுவதையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முன்பதிவுப் படிவமே கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் ஆகிவிடும் என்று 1981-இல் டைமான் வழக்கில் பிரிவி கவுன்சில் சொல்லியிருக்கிறது.

விற்பவர்களுக்கும் இதே பதிவேடுதான் கேள்வி கேட்கிறது. நிலவரி பாக்கி இருந்தால் 6ஏ படிவத்தில் கடைசி அறிவிப்பு வரும். அதையும் கண்டுகொள்ளாமல் விட்டால் நிலமே அரசுக்குப் போய்விடலாம். ஊரைவிட்டு ஈப்போவுக்கோ கிள்ளானுக்கோ போய்விட்ட குடும்பங்கள் பழைய முகவரிக்கு வரும் இந்தக் கடிதத்தைப் பார்ப்பதே இல்லை. லாபத்தில் விற்றால் நில ஆதாய வரி உண்டு: குடிமக்களுக்கு முதல் மூன்று ஆண்டுக்குள் 30 விழுக்காடு, நான்காம் ஆண்டு 20, ஐந்தாம் ஆண்டு 15, ஆறாம் ஆண்டிலிருந்து ஒன்றுமில்லை. குடியிருந்த வீட்டுக்கு வாழ்நாளில் ஒருமுறை விலக்குக் கேட்கலாம். வரிக்காக வாங்குபவர் தரப்பு விலையில் 3 விழுக்காட்டைப் பிடித்து உள்நாட்டு வருமான வரி வாரியத்தில் கட்டினால், ஏமாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம்; சட்டம் அவர்களைத்தான் அப்படிச் செய்யச் சொல்கிறது.

விற்பனை நின்றுபோவதற்கு நம் குடும்பங்களில் அடிக்கடி காணும் காரணம், பட்டா இன்னும் இறந்துபோன தாத்தா பேரில் இருப்பது. இறந்தவரால் உரிமை மாற்றப் படிவத்தில் கையெழுத்திட முடியாது. எல்லாப் பிள்ளைகளும் சம்மதித்தாலும் முதலில் வாரிசுப் பங்கீடு முடிந்தாக வேண்டும். நிலம் அடங்கிய, 50 லட்சம் ரிங்கிட்டுக்கு மேற்படாத சொத்தானால் உயர் நீதிமன்றம் போகாமல் சிறு சொத்துப் பங்கீட்டு முறையில் முடிக்கலாம். உயில் இல்லாவிட்டால், 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி மனைவியும் பிள்ளைகளும் மட்டும் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. இறந்தவரின் பெற்றோரும் இருந்தால் அவர்களுக்குக் கால், மனைவிக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிட்ட, 1982 மார்ச்சுக்குப் பிந்திய பதிவில்லாத் திருமணங்களில், நான்தான் மனைவி என்று நிரூபிக்கவே அந்தப் பெண் அலைய வேண்டியிருக்கும். உயிரோடு இருக்கும்போதே பிள்ளை பேரில் மாற்றினால், 2023 ஏப்ரல் முதல் பெற்றோர் பிள்ளைகளுக்கிடையிலான மாற்றத்தில் முதல் 10 லட்சம் ரிங்கிட்டுக்கு முத்திரை வரி இல்லை. மாற்றிக் கொடுத்துவிட்டால் பிள்ளை வீட்டைவிட்டு அனுப்பிவிடுவானோ என்ற பெற்றோரின் பயத்தை யாரும் குறைசொல்ல முடியாது. பேர் மாறியபின் பதிவேடு அவன் பக்கம்தான் நிற்கும். அப்படிப் பயப்படுகிறவர்கள் உயில் எழுதலாம். இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் கூட இருந்து கையெழுத்திட வேண்டும். வீட்டைப் பெறப்போகும் பிள்ளையோ அவர் மனைவியோ அதில் சாட்சியாகக் கையெழுத்திட்டால் அந்தப் பிள்ளைக்கு எழுதிய பங்கு செல்லாமல் போய்விடும்.